ஐரோப்பா கிட்ஹப்பை விட்டு வெளியேற வேண்டுமா?

நெய்தல்:
கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம். 2019 ஜூலையில் கிரிமியா, ஈரான், சிரியாவில் இருந்த நிரலாளர்களுக்கு அதில் அவர்களுடைய தனிக் களஞ்சியங்கள் (மற்றவர் பார்க்க முடியாத நிரல் தொகுப்புகள்) முடக்கப்பட்டன. அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அமெரிக்க நிறுவனம், அமெரிக்கத் தடைச் சட்டம், அவ்வளவுதான். ஐரோப்பாவின் திறமூல (யாரும் படித்து மாற்றக்கூடிய) நிரல்களில் பெரும்பகுதி இன்றும் அங்கேதான் கிடக்கிறது. வாஷிங்டனோடு உரசல் முற்றும்வரை காத்திருக்காமல் இப்போதே அதே வேலையைச் செய்யும் கோட்பெர்க் தளத்துக்கு மாற வேண்டும். பெர்லினில் பதிவான சங்கம் அது, நன்கொடையில் நடக்கிறது. ஜிக் என்ற நிரல் மொழியே 2025 நவம்பரில் அங்கே போய்விட்டது.

தறி:
ஜிக்கை இதில் சேர்க்காதீர்கள். அதன் அறக்கட்டளையே அமெரிக்காவில் பதிவானது. கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனைச் சேவையான ஆக்ஷன்ஸில் பழுதுகள் தீராமல் கிடந்ததால்தான் போனார்கள். 2019-லும் பொதுக் களஞ்சியங்கள் திறந்தேதான் இருந்தன. ஈரானுக்காக அமெரிக்க அரசிடம் உரிமம் வாங்கி 2021 ஜனவரியில் சேவையை மீட்டுத் தந்ததும் கிட்ஹப்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் மென்பொருளில் குளோன் செய்த (பிரதி எடுத்த) ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறதே. எதற்குப் பயம்?

நெய்தல்:
நிரல் இருக்கும், சரி. பழுதுகளையும் யோசனைகளையும் விவாதிக்கும் இஷ்யூக்கள்? எங்கள் சின்ன நூலகம் ஒன்றைப் போன மாதம் மாற்றினேன். கோட்பெர்க்கின் படிவத்தில் இஷ்யூ, புல் ரெக்வெஸ்ட் (பிறர் அனுப்பும் திருத்தம்), விக்கி என்று ஒவ்வொன்றாக டிக் செய்தால் இழுத்துக்கொள்கிறது. ஒரு வரியை ஏன் அப்படி எழுதினோம் என்ற காரணம் கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) இல்லை, பழைய இஷ்யூ ஒன்றின் பதினான்காவது மறுமொழியில் இருந்தது. கணக்கு முடங்கிய பிறகு அதை எந்தக் குளோனில் போய்த் தேடுவது?

பனங்காடு:
ஊர் எது என்பதைவிட உரிமை யாரிடம் என்று பாருங்கள். கிட்ஹப்பைப் போன்ற கிட்லாப் 2011-ல் உக்ரைனில் பிறந்தது, இன்று நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலான அமெரிக்க நிறுவனம். இதே வகை மென்பொருளான கிட்டீயின் பெயரும் தளமும் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனதால்தான் 2022-ல் அதிலிருந்து ஃபோர்ஜேஜோ பிரிந்தது. கோட்பெர்க் ஓடுவதும் அதில்தான். ஜெர்மன் அரசின் ஓப்பன்கோட் தளமோ கிட்லாப்பின் திறமூலப் பதிப்பில் ஓடுகிறது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மென்பொருள் எங்கிருந்து வந்தால் என்ன, அதை ஓட்டுவது அவர்களே.

தறி:
அரசிடம் பணம் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் என் நிரலை இலவசமாகச் சோதித்துத் தருகிறது கிட்ஹப். அந்தச் செலவை ஒரு சங்கத்தின் தன்னார்வலர்கள் தலையில் எப்படி ஏற்றுவது? முதன்முதலாகத் திருத்தம் அனுப்ப வரும் மாணவனுக்கும் கணக்கு இருப்பது கிட்ஹப்பில்தான். கோட்பெர்க்கில் ஒரு மிரர் (நிரலின் நகல்) வைக்கிறேன், ஆனால் வாசலை மாற்ற மாட்டேன்.

நெய்தல்:
மாணவன் விஷயம் எனக்கும் உறுத்துகிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மிரரில் நிரல் மட்டும்தான் போகும். வாரம் ஒருமுறை இஷ்யூக்களையும் ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் தகவல் கேட்கும் இடைமுகம்) வழியாக இறக்கி உங்கள் வட்டில் வையுங்கள். நான் வைத்திருக்கும் ஸ்கிரிப்டைத் தருகிறேன், நாற்பது வரிதான்.

தறி:
அனுப்புங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓட்டிப் பார்க்கிறேன்.