தீருவைப் பற்றிய தீர்க்கதரிசனம்: விவாதித்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

எசேக்கியேல் 26-ஆம் அதிகாரத்தை எடுத்தாலே எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் பேச்சு சூடாகிவிடும். தீரு நகரம் வெறும் பாறையாகும், மீன்வலை விரிக்கிற இடமாகும், இனி கட்டப்படாது என்கிறார் தீர்க்கதரிசி. நிறைவேறியதா, இல்லையா? போன மாதம் இதைத்தான் படித்தோம். எட்டு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு, கதவைப் பூட்ட வந்த தம்பி சாவியோடு வாசலில் நிற்கும்வரை ஓடியது.

எங்கள் மூத்த ஐயா ஒருவர் தன் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தின் ஓரமாகச் சிவப்புப் பென்சிலில் 'கி.மு. 332' என்று எழுதி வைத்திருக்கிறார். அலெக்சாண்டர் தீருவை ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்த வருடம். நகரம் கரைக்கு எதிரே ஒரு தீவில் இருந்தது. கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டுத்தான் அவன் தீவுக்குள் நுழைந்தான். கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள் என்று 12-ஆம் வசனம் சொல்வது இதைத்தான் என்றார் ஐயா. 7 முதல் 11 வரை பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரை 'அவன்' என்று சொல்லி வந்த தீர்க்கதரிசி, 12-ல் 'அவர்கள்' என்று மாறுவதையும் விரல் வைத்துக் காட்டினார். அநேக ஜாதிகள் அலை அலையாக வருவார்கள் என்று 3-ஆம் வசனம் ஏற்கெனவே சொல்லியிருப்பதால், பாபிலோன் ஓர் அலை, கிரேக்கர் இன்னோர் அலை என்பது அவர் கணக்கு.

எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் செல்போனில் படத்தைக் காட்டினான். லெபனானின் தென்கரையில் சூர் என்ற நகரம். மாடி வீடுகள், துறைமுகம், கடைத்தெரு. "இதுதான் ஐயா தீரு. இனி கட்டப்படாதுன்னா இது என்ன?"

எனக்கு இரண்டு பேருமே அவசரப்படுவதாகத் தோன்றியது. அதே புத்தகத்தில் 29-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வருடம் ஏறக்குறைய கி.மு. 571. தீருவைப் பற்றிய முதல் வார்த்தை வந்து பதினைந்து வருடம் கழிந்துவிட்டது. நேபுகாத்நேச்சாரின் சேனை தீருவுக்கு எதிராகப் பாடுபட்டுத் தலை மொட்டையாகி, தோள் உரிந்துபோனது. ஆனாலும் அவனுக்கோ சேனைக்கோ அதற்கான கூலி கிடைக்கவில்லை. ஆகையால் எகிப்தை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று ஆண்டவர் சொல்கிறார். இதை எழுதியவரும் எசேக்கியேல்தான்.

வரலாறும் இதற்கு ஒத்தே போகிறது. நேபுகாத்நேச்சாரின் முற்றுகை பதின்மூன்று வருடம் நீடித்தது என்று பழங்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். முற்றுகைக் காலத்தில் தீருவின் ராஜா இத்தோபால். அவனுக்குப் பிறகு பாகால் என்பவன் பத்து வருடம் ஆண்டதாகவும் அவர் தரும் பட்டியலில் இருக்கிறது. அதாவது நகரம் பாபிலோனுக்குப் பணிந்திருக்கிறது, அழியவில்லை.

நான் கேட்டது இதுதான். இந்த வார்த்தையை முதலில் கேட்டவர்கள் யார்? கி.மு. 597-ல் யூதாவின் ராஜா யோயாக்கீனோடு சிறைப்பட்டுப் போய், பாபிலோனில் கேபார் நதியோரம் தெலாபீபில் குடியிருந்தவர்கள். எருசலேம் விழுகிற நேரம். 'ஆ, ஜனங்களின் வாசலாயிருந்த நகரம் இடிந்தது, இனி எனக்கு லாபம்' என்று தீரு மகிழ்கிறது. 26:2 அங்கேதான் தொடங்குகிறது. ஊரையும் ஆலயத்தையும் இழந்து நிற்கிறவர்களிடம், உங்கள் அழிவில் வியாபாரக் கணக்குப் போடுகிறவனை ஆண்டவர் சும்மா விடமாட்டார் என்று சொல்கிற வார்த்தை இது. இருநூற்றைம்பது வருடம் கழித்து ஒரு மக்கெதோனிய ராஜா வருவான் என்பது அந்த ஜனங்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்? ஐயா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் சபையில், நண்பர்களிடத்தில் இந்தப் பேச்சு எப்படிப் போனது?

மறுமொழி 1 (தோஹாவிலிருந்து)

என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பர் சூர்காரர். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கிறிஸ்தவர் தெருவில் பிறந்தவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தயக்கத்தோடு எசேக்கியேல் 26-ஐப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே வெளிநாட்டுப் பயணிகள் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி என்றார்.

பேப்பர் நாப்கினில் வரைந்து காட்டினார். முதலில் தனியாக ஒரு தீவு. நடுவில் அலெக்சாண்டர் போட்ட பாதை. அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் நூற்றாண்டுக்கணக்கில் மணல் சேர்ந்து சேர்ந்து, இப்போது தீவே கரையோடு ஒட்டிவிட்டது. மேலே தெருக்களும் வீடுகளும். ரோமர் காலத்துக் குதிரைப் பந்தய மைதானம் இன்னும் நிற்கிறது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அவர்கள் ஊர் ஆலயத்தில் எசேக்கியேலைவிட அப்போஸ்தலர் 21-ஐத்தான் பெருமையாகச் சொல்வார்களாம். பவுல் தீருவில் இறங்கி, சீடர்களோடு ஏழு நாள் தங்கினார். புறப்படும்போது மனைவி பிள்ளைகளோடு எல்லாரும் ஊருக்கு வெளியே வந்து கடற்கரையில் முழங்கால்படியிட்டு ஜெபம் செய்தார்கள். "எங்கள் ஊர் இல்லாமல் போனதாகச் சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படி வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். அதன்பிறகு சிதைந்த சுவர்களின் படத்தை மட்டும் போட்டு 'பாருங்கள், நிறைவேறியது' என்று பகிர எனக்கு மனம் வருவதில்லை. அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள்.

மறுமொழி 2

எல்லாம் சரி. ஆனால் உபாகமம் 18:22 என்னாவது? தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று இருக்கிறதே. விசுவாசத்தை விட்டு விலகிய என் பள்ளித் தோழன் இந்த வசனத்தையும் எசேக்கியேல் 26-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டான். 'சூழ்நிலையைப் பார்' என்று நான் சொன்னதை, தப்பிக்க வழி தேடுகிறாய் என்று எடுத்துக்கொண்டான். அவன் உண்மையாகவே வேதனையோடு கேட்ட கேள்வி அது. யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

மறுமொழி 3

இதே கேள்வியை என் மகள் கேட்டாள். நான் எரேமியா 26-ஐ எடுத்துக் கொடுத்தேன். எருசலேம் அழியும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லப் பார்க்கிறார்கள். அப்போது மூப்பர்களில் சிலர் எழும்பி, நூறு வருடத்துக்கு முந்தைய மீகாவை நினைவுபடுத்துகிறார்கள். சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று மீகா சொன்னார். எசேக்கியா ராஜா பயந்து கெஞ்சினார். ஆண்டவர் அந்தத் தீங்கைச் செய்யாமல் விட்டார். நகரம் அப்போது உழப்படவில்லை. ஆனாலும் அந்த மூப்பர்கள் மீகாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை. அவருடைய வார்த்தையைச் சாட்சியாக வைத்தே எரேமியாவின் உயிருக்காக வாதாடினார்கள். உபாகமத்தை அறிந்த ஜனங்களே தங்கள் தீர்க்கதரிசிகளை இப்படித்தான் வாசித்தார்கள். ஒரு ஜாதி மனந்திரும்பினால் சொன்ன தீங்கைச் செய்யாமல் விடுவேன் என்று எரேமியா 18:7–10-ம் இதையே சொல்கிறது.

தீரு மனந்திரும்பியதாக எங்கும் இல்லையே என்று அவள் விடாமல் கேட்டாள். நியாயமான கேள்வி. எசேக்கியேல் அதற்குக் காரணம் எதுவும் தரவில்லை. ஆனால் 26-ஐத் திருத்தாமல், 29-ஐ மறைக்காமல், இரண்டுக்கும் தேதி போட்டு ஒரே புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது.

திரியைத் தொடங்கியவர்

மீகாவின் உதாரணத்துக்கு நன்றி, இதை வகுப்பில் வைக்கிறேன். ஐயாவுக்காக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அலெக்சாண்டர் பிடித்து இருபது வருடம்கூட ஆகுமுன், அவனுடைய தளபதி அன்டிகோனஸ் அதே தீருவை மறுபடி முற்றுகையிட வேண்டியிருந்தது. பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆக, கி.மு. 332-ஐ வைத்து 'இனி கட்டப்படாது' என்கிற 14-ஆம் வசனத்தை முடித்துவிட முடியாது. 'அவன்', 'அவர்கள்' என்கிற மாற்றத்துக்கு மட்டும் அவர் பக்கம் பலம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன்.

அடுத்தது எகிப்து. 29:11–12 நாற்பது வருடப் பாழ்க்கடிப்பைச் சொல்கிறது. நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது கி.மு. 568/567-ல், அவன் எகிப்தின் மேல் படையெடுத்ததைச் சொல்லும் உடைந்த களிமண் பலகை ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் எகிப்து அதற்குப் பிறகும் ஆமாசிஸ் ராஜாவின் கீழ் செழிப்பாகவே இருந்து, கி.மு. 525-ல் பெர்சியரிடம்தான் விழுந்தது. வரும் சனிக்கிழமை 29, 30 இரண்டையும் எடுக்கிறோம். இதை வைத்து யாராவது விவாதித்திருந்தால் அதற்குள் எழுதுங்கள்.