வெளி நிரல் நூலகத்தைச் சேர்க்கும்போது அதன் கமிட் வரலாறும் சோதனைகளும் தேவையா?

கேள்வி:
வணக்கம். மூவர் சேர்ந்து பராமரிக்கும் எங்கள் திறமூலத் திட்டத்தில், வேறொரு குழு எழுதிய நூலகம் ஒன்றைச் சேர்த்து, அதில் சில மாற்றங்களும் செய்ய இருக்கிறோம். அதன் வெளியீட்டுத் தொகுப்பைப் பதிவிறக்கி, எல்லாக் கோப்புகளையும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஒரே கமிட்டாக (மாற்றப் பதிவாக) பதியலாம் என நினைக்கிறேன். அதன் பழைய கமிட்டுகள் கலந்தால் எங்கள் வரலாற்றைப் படிப்பது கடினமாகிவிடும் என்பதே என் கவலை. அதன் சோதனைகளையும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 1:
இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் சோதனைகள் நீங்கள் அழைக்கும் சில செயற்கூறுகளை மட்டுமே தொடும். நூலகத்தில் ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன், அதன் சோதனைகளை உங்கள் கம்பைலரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; அப்போது தோற்பவை உங்கள் மாற்றத்தால் தோற்றவை அல்ல என்பது உறுதியாகும். பிறகு ஓட்டினால் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது.

வரலாற்றை நான் ஒருமுறை இப்படித்தான் இழந்தேன். பல மாதங்கள் கழித்து ஒரு பிழையைத் தேடி, கமிட்டுகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த கமிட்டைக் கண்டறியும் கிட் பைசெக்டை ஓட்டியபோது, அது அந்த ஒற்றைப் பெரிய கமிட்டில் வந்து நின்றுவிட்டது. வரலாறு முழுமையாக இருந்திருந்தால், 1000 கமிட்டுகளுக்குள் பிழை நுழைந்த இடத்தை ஏறத்தாழ 10 சோதனைகளில் கண்டிருக்கலாம்.

மறுமொழி 2:
வெளியீட்டுத் தொகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட பின்கதவை (ரகசிய நுழைவழியை) நினைவில் கொள்ளுங்கள். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தீங்கான நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை இயக்கிய கட்டுமானக் குறிப்போ வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே களஞ்சியத்தில் அந்த வெளியீட்டுக்கெனக் குறியிடப்பட்ட கமிட்டிலிருந்தே எடுங்கள். ஆனால் வரலாறு இருப்பதாலேயே நம்பிக்கை வந்துவிடாது. அந்தக் கோப்புகளைச் சேர்த்தவரே அத்திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவராக இருந்தார். சோதனைக் கோப்புறையில் உள்ள பைனரிக் கோப்புகளும் (உரையாகப் படிக்க முடியாதவை) ஏன் இருக்கின்றன, எப்படி உருவானவை என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
வேறொரு களஞ்சியத்தை உங்கள் களஞ்சியத்தின் துணைக்கோப்புறையாக இணைக்கும் கிட் சப்ட்ரீ மூலம் முழு வரலாற்றுடன் சேர்க்கலாம். வரலாற்றைக் காட்டும் கிட் லாகில், இணைப்புகளின் முதல் பெற்றோர்க் கமிட்டை மட்டும் பின்தொடரும் ஃபர்ஸ்ட் பேரன்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் உங்கள் கமிட்டுகள் மட்டுமே தெரியும். உங்கள் கவலை அதோடு தீரும். பைசெக்டிலும் அதே விருப்பம் உண்டு. அது கட்டாயம் தேவைப்படும். ஏனெனில் நூலகத்தின் பழைய கமிட்டுகளில் உங்கள் கோப்புகளே இருக்காது, அங்கே உங்கள் திட்டத்தைக் கட்டமைக்க முடியாது. பிழை நூலகத்துக்குள் இருப்பது தெரிந்த பின், அந்த வரலாற்றுக்குள் தனியாகத் தேடுங்கள். அந்த இடத்தில் ஓடக்கூடியவை நூலகத்தின் சொந்தச் சோதனைகள்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வரலாறும் சோதனைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நான் யோசிக்கவே இல்லை. முழு வரலாற்றுடன் சேர்த்து, மாற்றமில்லாத நிலையில் கிடைக்கும் சோதனை முடிவை முதலில் பதிந்து வைக்கிறோம். எங்கள் திருத்தங்களைச் சிறுசிறு கமிட்டுகளாகப் பிரித்து, மூலத் திட்டத்துக்கும் அனுப்புவோம்.