கண்ணாடிப் போத்தல் சோடாவும் பஸ் ஸ்டாண்ட் கடையும்: மலையகத்தில் இன்னும் எங்கேயாவது உண்டா?

மேல்கணக்கு:

எனக்குச் சொந்த ஊர் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், இப்போது கொழும்பில் வெள்ளவத்தையில் வேலை. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது டவுனில் இருந்த பழைய சோடாக்கடையைத் தேடினேன். அந்த இடத்தில் இப்போது போன் கடை.

சின்ன வயதில் பத்தாம் திகதி சம்பளம் வாங்கியதும் அப்பா எங்கள் மூன்று பேரையும் அங்கே கூட்டிப் போவார். மூன்று பேருக்கும் ஒரே போத்தல்தான். கடைக்காரர் மூன்று கிளாஸை வரிசையாக வைத்து ஊற்றுவார், நாங்கள் நுரை அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு மேசை மட்டத்துக்குக் குனிந்து அளவு பார்ப்போம். யார் கிளாஸில் அரை விரல் குறைந்தாலும் அன்றைக்குச் சண்டை. போத்தலைக் கொண்டுபோக முடியாது, வெறும் போத்தல் திரும்ப மரப்பெட்டிக்குப் போக வேண்டும், அதனால் அங்கேயே உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். அந்த உட்கார்தலே பாதி ருசி.

நான் கேட்பது நெக்டோ, ஈஜீபி மாதிரிப் பெரிய கம்பனிச் சோடாக்கள் பற்றி அல்ல, அவை கொழும்பிலும் கிடைக்கின்றன. சின்னக் கம்பனிக்காரர்கள் ஊருக்குள்ளேயே செய்து விற்ற இஞ்சிச் சோடா, லெமனேட் மாதிரி ஏதாவது இன்னும் இருக்கிறதா? அப்புறம் ஒரு சந்தேகம். கொழும்பிலிருந்து கொண்டுபோன சோடாவை ஊரில் திறந்தால் அதிகமாகப் பொங்குகிறது. உண்மையா, என் மனப்பிரமையா?

ஊவாக்காரர்:

தம்பி, சோடாக் கம்பனி என்றதும் புகைபோக்கியெல்லாம் நினைக்க வேண்டாம். பதுளையில் நான் பதினாறு வயதில் வேலைக்குப் போன இடம் ஒரு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம். ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் ஒரு மிஷின், பாகு காய்ச்ச ஒரு அண்டா, அவ்வளவுதான்.

கோலிப் போத்தலில் முதலில் பாகும் எசன்ஸும் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். பிறகு மிஷினில் பொருத்தித் தலைகீழாகத் திருப்பினால் காஸ் ஏறிய தண்ணீர் உள்ளே பாயும், கோலி தானாக உருண்டு வந்து கழுத்து ரப்பர் வளையத்தில் உட்காரும், உள்ளே இருக்கிற அமுக்கம் அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். மூடியும் கிடையாது, தக்கையும் கிடையாது. ஹைரம் கொட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872இல் காப்புரிமை எடுத்த வேலை, இன்றைக்கும் ஜப்பானில் ரமுனே என்ற பானம் இந்தப் போத்தலில்தான் வருகிறது. எங்கள் மேஸ்திரி யாழ்ப்பாணத்து ஆள், கோலியைப் போளை என்பார், அதற்கே அவரை ஒரு வருடம் கிண்டல் செய்தோம்.

விடியற்காலை நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் காஸ் இறங்கும். ஐஸ் குளிரில் இருக்கிற தண்ணீர், 20 பாகைத் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு காஸ் பிடிக்கும். முதலாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் நுவரெலியாவில் பிறந்திருந்தால் பணக்காரன் ஆகியிருப்பேன் என்று தினமும் சொல்வார்.

அது ஏன் போயிற்று என்றால், போத்தல் கழுவுவதுதான் பெரிய தலைவலி. கோலி குறுக்கே நிற்கும், பிரஷ் சரியாகப் போகாது. போதாக்குறைக்குப் பிள்ளைகள் கோலிக்காகப் போத்தலையே உடைத்துவிடுவார்கள். தகர மூடி வந்ததும் கதை முடிந்தது. என் புருவத்தில் இருக்கிற வெட்டு அந்தக் காலத்துப் போத்தல் வெடித்தது, முகத்துக்குக் கம்பிவலை கேட்டோம், கடைசிவரை வரவில்லை. அதனால் எனக்கு அந்தச் சோடா மீது ஆசையும் உண்டு, கோபமும் உண்டு.

பனிமூட்டம்:

தம்பி, பிரமை இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பஸ்ஸில் கொண்டுவருகிற சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்கிறதே, அதே காரணம்தான். ஆனால் கொஞ்சம் பொங்கினால் அதற்கு உயரம் காரணம், சட்டை நனைந்தால் கினிகத்தேனை வளைவுகளில் போத்தல் குலுங்கியது காரணம்.

கடை தேடி அலைவதைவிட வீட்டில் செய்து பாருங்கள். எங்கள் வீட்டு இஞ்சி பீர்: 2 லீற்றர் தண்ணீர், தோலோடு நசுக்கிய இஞ்சி 150 கிராம், சீனி 250 கிராம். கொதிக்கவிட்டு, வடித்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இரண்டு தேசிக்காய்ச் சாறும் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டும். பிளாஸ்டிக் போத்தலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள், கண்ணாடி வேண்டவே வேண்டாம். போத்தலை விரலால் அமுக்கிக் கல்லு மாதிரி ஆனதும் பிரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் குடித்து முடித்துவிடுங்கள். எங்கள் குளிரில் நாலு நாள் ஆகும், கொழும்பில் ஒன்றரை நாளே அதிகம்.

எங்களுக்கு முன்பு அது தெரியவில்லை. என் தம்பி கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது, அக்கா வீட்டுக்கு என்று அம்மா இரண்டு கண்ணாடிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார். இங்கே தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் கித்துல்கல தாண்டி வெக்கை பட்டதும் எழுந்துகொண்டது. அவிசாவளையில் ஒரு வெடி. பஸ்ஸில் பாதிப் பேர் சீட்டுக்கு அடியில் போய்விட்டார்களாம். சர்ட்டிபிக்கேட் பைல் முழுக்க இஞ்சி மணத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறான். வேலை கிடைத்தது, அது வேறு விஷயம்.

கறுப்புத் தேத்தண்ணி:

எல்லோரும் ஒரேயடியாக உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். சின்னக் கம்பனி என்றாலே நல்லது என்று யார் சொன்னது? நான் சின்ன வயதில் குடித்த பாதி, சீனித்தண்ணீரில் சாயம் கலந்தது, குடித்தால் நாக்கு இரண்டு நாளைக்குச் சிவப்பு. லேபலில் திகதி இருக்காது, யார் செய்தது என்றும் இருக்காது. 2016இலிருந்து போத்தலில் சீனிக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்று சட்டம், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. அந்தக் கணக்கில் 400 மில்லி போத்தலில் 44 கிராம், ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி. தேத்தண்ணிக்கு அவ்வளவு போட்டால் அடிக்க வருவீர்கள்.

அதற்காகக் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹப்புத்தளைக்குப் போனால் அதிஷாம் மடத்துக்குப் போங்கள். 1931இல் ஒரு துரை கட்டிய கல் பங்களா, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளுடைய மடம். அவர்கள் செய்த ஜாமும் கோடியலும் (தண்ணீரோ சோடாவோ கலந்து குடிக்கிற பழப்பாகு) அங்கேயே விற்கிறார்கள். நான் கோடியல் வாங்கிவந்து, வெறும் சோடாவை நன்றாகக் குளிரவைத்து, முதலில் கோடியல், பிறகு கிளாஸைச் சாய்த்து மெதுவாகச் சோடா. சீனி எவ்வளவு என்பது என் கையில் இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்:

எங்கள் தாத்தா பொகவந்தலாவையில் கொழுந்து நிறுத்தவர், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். இங்கே தமிழ்நாட்டில் நீங்கள் தேடுகிற சமாச்சாரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொவொன்டோ செய்கிற காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கியது, பெரிய கோலாக்கள் வந்த பிறகும் தாக்குப்பிடித்து நிற்கிறது. கீழே மேட்டுப்பாளையம் இறங்கினால் பன்னீர் சோடா கிடைக்கும், ரோஜாப்பூ வாசனை, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க அதைவிட ஒன்றும் கிடையாது. தாத்தா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பன்னீர் சோடாவை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஐயர் கையில தெளிச்ச தண்ணி மாதிரி இருக்கு, நம்ம பொகவந்தலாவ இஞ்சிச் சோடா வருமா?" என்பார்.

மேல்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஊவாக்கார ஐயா, உங்கள் புருவத்துக் கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், கோலி எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டாள். ஹப்புத்தளை டிசம்பர் லீவுக்கு. இஞ்சி இன்றைக்கே வாங்கிவிட்டேன், பிளாஸ்டிக் போத்தலும் கழுவிக் காய்கிறது. பனிமூட்டம் அக்கா, கால் தேக்கரண்டி ஈஸ்ட் என்றால் குவித்தா, தட்டியா?

பனிமூட்டம்:

தட்டி. குவித்தால் அவிசாவளைதான்.