அலுவலக பிளாஸ்க்கில் டீ கடுத்துப்போவது ஏன்?

ராணிப்பேட்டைவாசி:
சிப்காட்டில் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 22 பேர். காலை 10 மணிக்குப் போடும் டீ முதல் கிளாஸில் அருமையாக இருக்கிறது. பதினொன்றரைக்கு அதே பிளாஸ்க்கைத் திறந்தால் நாக்கு வறண்டுவிடுகிறது. மேலே பழுப்பாக ஓர் ஏடு வேறு, கிளாஸ் ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொள்கிறது. டீ போடும் அக்காவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கையளவில் தூள் போடுகிறார், யாரும் அவருக்கு அளவு சொன்னதில்லை. டீ போடுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு தரம் இருக்கிறதாமே, அதைச் சுவரில் எழுதி ஒட்டலாமா?

ஆம்பூரான்:
வேண்டாம் ஐயா. 1980இல் வந்து 2019இல் திருத்தப்பட்ட தரம் அது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடிய பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிடம். சுவை பார்ப்பவர்கள் பல தூள்களை ஒரே நிலையில் வைத்து ஒப்பிட வகுத்த முறை. குடிப்பவனுக்காக எழுதியதல்ல.

நான் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவன். கடுக்காயைக் கடித்தால் நாக்கு எப்படி இழுக்கும்? அந்தத் துவர்ப்புதான் தோலின் புரதத்தைப் பற்றிப் பதப்படுத்துகிறது. டீயின் துவர்ப்பு நம் எச்சிலின் புரதத்தைப் பற்றுகிறது, அதனால்தான் வாய் வறள்கிறது. பாலின் புரதம் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொள்வதால் பால் டீ இதமாக இருக்கிறது. நீங்கள் வாங்குவது டஸ்ட் டீயாக இருந்தால், அந்தப் பொடி கம்பி வடிகட்டியில் நிற்காது. பிளாஸ்க் அடியில் ஒன்றரை மணி நேரம் ஊறுகிறது. துணியில் வடிகட்டச் சொல்லுங்கள்.

காட்பாடி:
ஏடு தண்ணீரின் வேலை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டீயில் படலம் கட்டும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதே தூளைப் போட்டுப் பாருங்கள். பாலையும் சேர்த்து அடைக்காமல், டிகாக்ஷனைத் தனியாக வையுங்கள்.

ராணிப்பேட்டைவாசி:
நேற்று வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். பிழிந்தபோது ஒரு கரண்டி வண்டல்! அக்காவே அதைக் கையில் எடுத்துக்காட்டி, "இத்தனை நாள் இதையா குடித்தீர்கள்?" என்று வருந்தினார். பதினொன்றரை டீயை எல்லோரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஏடு மட்டும் போகவில்லை. வீட்டில் செவ்வாயன்று காவிரித் தண்ணீர் வரும். ஒரு குடம் கொண்டுபோகிறேன்.