‘பார்லே’ நிகழ்காலம்: ஆறில் நான்கு ஒரே மாதிரி கேட்கிறது, எழுதினால் தப்பாகிறது

கேள்வி

வணக்கம். பிரெஞ்சு ஏ1 (தொடக்க) நிலை. ‘பார்லே’ (பேசு) வினையின் வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரியும், ஆனால் வாக்கியத்தைக் கேட்டு எழுதும்போது தடுமாற்றம். (எழுத்துகளுக்கு ஆங்கிலப் பெயரையே போடுகிறேன்: ஈ, ஐ, எஸ், இசட்.) சிவப்பு மையில் திரும்பி வந்தவை இவை:

‘ஜ பார்ல்’: கடைசியில் எஸ் போட்டேன், தப்பு.
‘வூ பார்லே’: ஈ-ஆர் என்று முடித்தேன், தப்பு.
‘லே வுவாஸேன் பார்ல்’ (பக்கத்து வீட்டார் பேசுகிறார்கள்): வெறும் ஈ போட்டேன், தப்பு.
‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஜ சுயி பார்லே’: முழுவதும் அடித்துவிட்டார்கள்.
‘நூ மான்ஜோன்’ (சாப்பிடுகிறோம்): எம்-ஏ-என்-ஜி-ஓ-என்-எஸ் என்று எழுதினேன், இதில் என்ன குறை என்றே புரியவில்லை.

காதில் விழுவதை வைத்து எதை எழுதுவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில் 1

காதை நம்பியதுதான் முதல் தப்பு. தமிழில் ‘பேசுகிறேன்’ என்று மட்டும் சொன்னாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடும். விகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பிரெஞ்சில் பாதிக்கு மேற்பட்ட விகுதிகள் ஊமை. அதனால்தான் ‘ஜ’, ‘தூ’, ‘இல்’ என்ற எழுவாயை அவர்களால் விடவே முடியாது. எழுதும்போது விகுதியை அந்த எழுவாயைப் பார்த்துத்தான் போட வேண்டும், ஒலியைப் பார்த்து அல்ல.

நம் இலக்கணப் பெயரிலேயே சொன்னால், ‘பேசுகிறேன்’ என்பதில் பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் உண்டு. பிரெஞ்சு நிகழ்காலத்தில் இடைநிலை கிடையாது. பகுதியோடு நேராக விகுதி. ‘பார்லே’யின் முழு வடிவம் பி-ஏ-ஆர்-எல்-ஈ-ஆர். கடைசி ஈ-ஆரை வெட்டினால் மிஞ்சும் பி-ஏ-ஆர்-எல் தான் பகுதி. அதன்மேல்:

ஜ (நான்): ஈ. ஒலி ‘பார்ல்’
தூ (நீ): ஈ-எஸ். ஒலி ‘பார்ல்’
இல், எல், ஓன் (அவன், அவள், பேச்சுவழக்கு ‘நாம்’): ஈ. ஒலி ‘பார்ல்’
நூ (நாம், நாங்கள்): ஓ-என்-எஸ். ஒலி ‘பார்லோன்’, முடிவில் மூக்கொலி மட்டும்
வூ (நீங்கள்): ஈ-இசட். ஒலி ‘பார்லே’
இல், எல் பன்மை (அவர்கள்): ஈ-என்-டி. ஒலி மறுபடியும் ‘பார்ல்’

‘தூ’ என்று கேட்டால் கை தானாக எஸ் போட வேண்டும். ‘ஜ’ என்றால் ஈ-ஆர் வினைக்கு எஸ் வரவே வராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிச் சிவப்பு மை குறையும்.

பக்கத்து வீட்டார் வாக்கியத்தில் விடை வினையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. ஒருவர் என்றால் ‘ல வுவாஸேன்’, பலர் என்றால் ‘லே வுவாஸேன்’. பெயர்ச்சொல்லின் எஸ்ஸும் ஊமை, வினையின் என்-டியும் ஊமை. ‘ல’வா ‘லே’யா என்பது மட்டும்தான் காதுக்குக் கிடைக்கும் தடயம். அதைப் பிடித்தால் பெயருக்கு எஸ், வினைக்கு ஈ-என்-டி இரண்டையும் சேர்த்தே போடலாம்.

பதில் 2

உயிரொலியில் தொடங்கும் வினை என்றால் இன்னொரு தடயம் உண்டு. ‘எமே’ (நேசி, விரும்பு): ஒருமை ‘இலெம்’, பன்மை ‘இல்ஸெம்’. அந்த ‘ஸ’ ஆங்கில இசட் போல அதிரும். பன்மை ‘இல்’லின் ஊமை எஸ் உயிரைக் கண்டதும் வாய் திறக்கிறது. ‘அபிதே’ (வசி) எழுத்தில் ஹெச்சோடு தொடங்கினாலும் அந்த ஹெச்சுக்கு ஒலி இல்லை, ஆகவே அதற்கும் இதேதான். அங்கே ‘ஜ’வும் சுருங்கும்: ‘ஜெம்’, ‘ஜபித்’. எழுத்தில் ஜே-க்குப் பின் மேற்கோள் குறி.

கேட்டவர்

‘லே’ தடயம் புரிந்தது, நன்றி. ஆனால் ‘பார்லே’ என்று கேட்டால் ஈ-இசட்டா ஈ-ஆரா என்பது இன்னும் சிக்கல். ‘வூ’ இருந்தால் ஈ-இசட் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில் 3

வைத்துக்கொள்ளாதீர்கள், ‘வூ’ எப்போதும் எழுவாய் அல்ல. ‘ஜ வூ பார்ல்’ என்றால் ‘நான் உங்களிடம் பேசுகிறேன்’. வினைக்கு ஒட்டி நிற்பது ‘வூ’, ஆனால் எழுவாய் ‘ஜ’. விகுதி வெறும் ஈ. ‘இல் நூ பார்ல்’ என்பதிலும் ஓ-என்-எஸ் கிடையாது. அருகில் நிற்பதைக் கேட்காமல், பேசுவது யார் என்று கேளுங்கள்.

‘பார்லே’ ஒலிக்கு பிரெஞ்சுப் பிள்ளைகளே கைக்கொள்ளும் வித்தை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ‘வாந்த்ர்’ (விற்க) என்ற வினையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதில் மூன்று வடிவமும் காதுக்கே வேறு வேறு:

‘வாந்த்ர்’ பொருந்தினால் ஈ-ஆர்.
‘வாந்தே’ பொருந்தினால் ஈ-இசட்.
‘வாந்தூ’ பொருந்தினால் அது இறந்தகால எச்சம், மேற்கோடு போட்ட ஈ மட்டும்.

‘வூ எமே பார்லே’ (பேச உங்களுக்குப் பிடிக்கும்) வாக்கியத்தில் முதல் இடத்துக்கு ‘வாந்தே’, இரண்டாவதுக்கு ‘வாந்த்ர்’. ஆகவே ‘எமே’க்கு ஈ-இசட், ‘பார்லே’க்கு ஈ-ஆர். நம் ‘பேச’ என்ற எச்சம் எங்கே வருமோ பெரும்பாலும் அங்கே ஈ-ஆர்தான்.

பதில் 4

தமிழில் யோசித்து எழுதுவதால் வரும் தப்புகள் தனி ரகம்.

‘ஜ சுயி பார்லே’ அதில் ஒன்று. ‘பேசுகிறேன்’, ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ இரண்டுக்கும் ‘ஜ பார்ல்’ ஒன்றே போதும். ‘இரு’ என்பதற்கு ஈடாக ‘சுயி’யைத் திணிக்க வேண்டாம். இந்த நொடியில் நடக்கிறது என்று அழுத்த வேண்டுமானால் ‘ஜ சுயி ஆன் திரேன் த பார்லே’, தினம் தேவைப்படாது.

அடுத்தது மரியாதை. ஆசிரியர் ஒருவரைப் பற்றி ‘அவர் பேசுகிறார்’ என்பதற்குப் பன்மை ‘இல்’ போட்டு ஈ-என்-டி எழுதுபவர்கள் உண்டு. பிரெஞ்சில் மரியாதைப் பன்மை ‘வூ’வோடு நின்றுவிடுகிறது. முன்னால் இருப்பவர் ஒருவரே ஆனாலும் ‘வூ பார்லே’, ஈ-இசட். படர்க்கையில் ஒருவர் என்றால் எவ்வளவு பெரியவரானாலும் ஒருமை.

‘எல்லோரும் பேசுகிறார்கள்’ நமக்குப் பன்மை. அவர்களுக்கு ‘தூ ல மோந்த் பார்ல்’ ஒருமை, வெறும் ஈ. ஆனால் ‘லே ஜான்’ (மக்கள்) என்றால் ஈ-என்-டி. ‘ஓன் பார்ல்’ பொருளில் ‘நாம்’, விகுதியில் ஒருமை. அன்றாடப் பேச்சில் ‘நூ’வைவிட ‘ஓன்’ தான் அதிகம் காதில் விழும், அதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

‘தூ ல மோந்த்’தில் நானும் ஈ-என்-டி போட்டிருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது. ‘மான்ஜோன்’ மட்டும் பாக்கி.

பதில் 1

அது ஒலியைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஏ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன்னால் ஜி வந்தால் ‘க’ ஒலி (ஆங்கில ‘கோ’வில் வருவது). நீங்கள் எழுதியதை அவர்கள் ‘மான்கோன்’ என்று படிப்பார்கள். ஜிக்கும் ஓவுக்கும் நடுவில் ஒரு ஈ சொருகினால் ‘ஜ’ ஒலி நிலைக்கும்: எம்-ஏ-என்-ஜி-ஈ-ஓ-என்-எஸ். ‘கொமான்ஸே’ (தொடங்கு) வினையிலும் இதே தொல்லை; அங்கே சிக்குக் கீழே வால் போட வேண்டும், இல்லாவிட்டால் ‘கொமான்கோன்’. இரண்டுமே ‘நூ’ வடிவத்துக்கு மட்டும்.

பகுதியே மாறுகிற வினைகளும் வரும். ‘அஷ்தே’ (வாங்கு): ‘நூ அஷ்தோன்’, ‘வூ அஷ்தே’ சாதாரணம். மற்ற நான்கிலும் ‘அஷெத்’. நடு ஈயின் மேல் இடப்பக்கம் சாய்ந்த கோடு. ‘அப்லே’ (கூப்பிடு) அதே நான்கில் ‘எல்’ எழுத்தை இரட்டிக்கும்: ‘ஜபெல்’, ஆனால் ‘நூஸப்லோன்’னில் ஒற்றை எல். விகுதி ஊமையானதும் அதற்கு முந்தைய ஈ வாய்விட்டு ஒலித்தாக வேண்டும். கோடும் இரட்டிப்பும் அதற்காகத்தான். 1990 எழுத்துச் சீர்திருத்தம் இரட்டிப்பதைப் பல வினைகளில் கோடாக மாற்றியது. ‘அப்லே’, ‘ஜ்தே’ (எறி) இரண்டையும் அவற்றின் வழிவந்தவற்றையும் தொடவில்லை.

பதில் 5

ஐ-ஆர் வினைகளும் இப்படித்தானே? எல்லாவற்றையும் ‘ஃபினீர்’ போலவே போட்டால் சரியாக வரும்.

பதில் 3

எல்லாம் இல்லை. ‘ஃபினீர்’ (முடி) வகைக்கு ஐ-எஸ், ஐ-எஸ், ஐ-டி; பன்மையில் இரட்டை எஸ் நுழையும்: ‘ஃபினிஸோன்’, ‘ஃபினிஸே’, ‘ஃபினிஸ்’. ஒருமை ‘இல் ஃபினி’, பன்மை ‘இல் ஃபினிஸ்’ என்று காதிலேயே பிரிவதால் ஈ-ஆரைவிட இது சுலபம். ஆனால் ‘தோர்மீர்’ (தூங்கு), ‘பார்தீர்’ (புறப்படு) இந்த இரட்டை எஸ்ஸை ஏற்காது. ‘ஊவ்ரீர்’ (திற) முடிவில் ஐ-ஆரை வைத்துக்கொண்டு ஈ-ஆர் விகுதிகளைப் போட்டுக்கொள்ளும்: ‘ஜூவ்ர்’ என்பதன் முடிவு வெறும் ஈ. முழு வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

கேட்டவர்

நான்கு வாக்கியம் போட்டுப் பார்த்தேன்:
‘லேஸான்ஃபான் எம் எத்தூதியே’ (பிள்ளைகளுக்குப் படிக்கப் பிடிக்கும்): ‘எம்’முக்கு ஈ-என்-டி, ‘எத்தூதியே’க்கு ஈ-ஆர்.
‘ஜ வூ அபெல்’: ஈ.
‘மா ஃபாமீய் அபித் ஆ லியோன்’ (என் குடும்பம் லியோனில் வசிக்கிறது): ஈ-என்-டி.
‘தூ எத்தூதி’: மேற்கோடிட்ட ஈ, பிறகு டி-யூ-டி-ஈ-எஸ்.

பதில் 4

முதல் இரண்டும் சரி. ‘அபெல்’லில் எல் இரண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் பழைய தப்பு: வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ‘ஃபாமீய்’ ஒருமை, ஈ மட்டும். நான்காவதில் பகுதியை அதிகமாக வெட்டிவிட்டீர்கள். ஈ-ஆரைத் தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது; அந்த வினையின் பகுதி ஐயில் முடிகிறது. இரண்டாவது டி-க்குப் பிறகு ஐ, அதன்பின் ஈ-எஸ். ஐ இல்லாமல் நீங்கள் எழுதியது ‘படிப்பு’ என்ற பெயர்ச்சொல்லின் பன்மை.