மறு: காற்றுத் தரக் குறியீடு – வேறு சொல் தேவையா?

வணக்கம்.

> 'காற்றுத் தரக் குறியீடு' செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. இனி ஏன் மாற்ற வேண்டும்?

நிலைத்தது சரி, தலைகீழாக அல்லவா புரிகிறது! தரம் என்றால் கூடக்கூட நல்லது. இந்த எண்ணோ (ஆங்கிலத்தில் Air Quality Index, AQI) கூடக்கூடக் காற்று மோசம். போகியன்று 'காற்றின் தரம் 300-ஐத் தொட்டது' என்று செய்தி வந்தால், பரவாயில்லையே என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அளவில் நெடுநேரம் வெளியில் இருந்தால் பெரும்பாலோருக்கு மூச்சுவிடச் சிரமமாகும். ஆங்கிலத்திலும் இதே கோளாறுதான். அதை நாமும் சுமப்பானேன்? மலேசியாவில் குறியீட்டின் பெயரே மாசைச் சொல்வதால், அங்குள்ள தமிழர் 'தூய்மைக்கேடு' என்று எழுதிப் பிழைத்தார்கள்.

இந்தியாவில் இதைக் கணக்கிடும் முறையும் நம் பக்கம்தான். பி.எம். 2.5, பி.எம். 10 (விட்டம் 2.5, 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்கள்), ஓசோன், ஈயம் உட்பட எட்டு மாசுகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, எது பெரியதோ அதையே அறிவிக்கிறார்கள், சராசரி எடுப்பதில்லை. பி.எம். 2.5-இன் 24 மணி நேர அளவு கனமீட்டருக்கு 90 மைக்ரோகிராம் என்றால் எண் 200. மற்ற ஏழும் அடங்கிக் கிடந்தாலும் 200தான். ஆக, இது அன்றைக்கு மோசமான மாசின் அளவு.

என் பரிந்துரை: காற்று மாசுக் குறியெண். 'குறியீடு' ஏற்கெனவே சின்னத்துக்கும் நிரலுக்கும் ஓடிக் களைத்த சொல். தனித்தனி எண்களுக்குத் 'துணைக் குறியெண்'.

> பி.எம். என்பதைத் 'தூசு' என்றே சொல்லலாமே?

வேண்டாம். அதில் புழுதி மட்டுமா இருக்கிறது? எரிபுகைக் கரி, காற்றிலேயே உருவாகும் சல்பேட், நீர்மத் துளிகள் எல்லாம் உண்டு. பி.எம். 2.5-க்கு 'நுண்துகள்' போதும்.

அப்புறம் படிநிலைப் பெயர்கள். 101–200-ஐ 'மிதமான' என்கிறார்கள். மிதமான மழை கேட்டுப் பழகிய காதுக்கு அது இதமாகத்தான் ஒலிக்கும். ஆஸ்துமாக்காரருக்கோ அங்கேயே இளைப்பு தொடங்கிவிடும். 'நடுத்தர மாசு' என்போம்.

51–100-க்கு வைத்த 'திருப்தி' இன்னும் உறுத்துகிறது. பி.எம். 2.5-இன் அளவு 60 மைக்ரோகிராம் வரை இந்தப் படியில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர அளவோ 15. இந்தியாவின் சட்ட வரம்பு 60 என்பதால் 'வரம்புக்குள்' என்று வைக்கலாமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.