வெற்றுத் தாளை நீட்டியதும் என்ன நடந்தது?

தம்பிக்கு மறுநாள் உயிரியல் பரீட்சை. பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டுவிட்டு "எல்லாம் தெரியும்கா, கேளு" என்றான். புத்தகத்தை மூடி ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, இதயத்துக்குள் ரத்தம் எப்படி வந்து எப்படிப் போகிறது, வரை என்றேன். வலது ஆரிக்கிளைத் தாண்டவில்லை. "படம் எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியுது, உள்ளே என்ன இருக்குன்னுதான் வரல" என்றான். அவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்த பிள்ளை! அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

*

கணக்கிலும் இதே கதைதான். நான் டியூஷன் எடுக்கிறேன். ஒரு மாணவி பாடம் பாடமாகக் கொடுத்தால் ஒன்றுகூடத் தப்பில்லாமல் போடுவாள், கலந்து கொடுத்த அன்றைக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இது எந்தப் பாடத்துக் கணக்குன்னு மட்டும் சொல்லுங்க மிஸ், போட்டுடறேன்" என்றாள். எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதானே பாதிக் கணக்கு? உளவியல் ஆய்வாளர்கள் ரோரர், டெய்லர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பயிற்சியின்போது ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20, இரண்டாவது 63.

*

முதலில் எழுதியவருக்கு: பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அப்படி மடக்கியது சரியில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு. என் மகள் காதால் கேட்டுப் படிக்கிறவள், எழுதச் சொன்னால் அழுதுவிடுவாள்.

*

முதல் நாள் ராத்திரி மடக்கியது சரியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், மற்றதை இல்லை. கண்ணால் படிப்பவர், காதால் படிப்பவர் என்று பிரித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் பாஷ்லரும் மற்றவர்களும் 2008-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் மகளுக்கு எழுதப் பிடிக்காவிட்டால் வாயால் சொல்லட்டும், பார்க்காமல் சொல்ல வேண்டும், அதுதான் விஷயம். ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006-இல் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதனால் படித்த அன்றைக்கு ஒரு தடவை, இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். முட்டிக்கொண்டு நின்றால் உடனே புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள், கொஞ்சம் யோசிக்கட்டும், அப்புறம் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பே மனப்பாடமாகிவிடும். கேள்வியை அட்டையில் எழுதி, தெரிந்ததை நாள் தள்ளியும் தெரியாததை அடிக்கடியும் கேட்கிற லைட்னர் பெட்டி முறையும் நல்லது.

*

அட்டை என்றதும் என் அறைத்தோழி ஞாபகம் வருகிறது. நாலு நிற மையில் அவ்வளவு அழகாக எழுதி அடுக்கியிருந்தாள். பரீட்சை அன்று காலையில் பார்க்கிறேன், போட்ட ரப்பர் பேண்டு அப்படியே இருக்கிறது, ஒரு அட்டையைக்கூட எடுத்துக் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதுவதிலேயே நேரம் தீர்ந்துவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், எழுதிய அன்றைக்கே யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.